700 படம், 14,000 ரூபாய்: தம்ப்நெயில் போடக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

படங்களைச் சின்னதாக்கக் கடையில் கொடுத்து வாங்கிய டிரைவை நேற்று ராத்திரிதான் முழுசாகத் திறந்து பார்த்தேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. 14,000 ரூபாய் போய்விட்டது. அதோடு ஒரு சீசன் முழுக்க எடுத்த படங்களும் போய்விட்டன.

சாயல்குடி பக்கத்துப் பெண்கள் செய்யும் கருப்பட்டி, ஓலைப்பெட்டி, சுளகு, கொட்டான் (சின்ன ஓலைக் கூடை) எல்லாவற்றையும் ஆன்லைனில் விற்றுக் கொடுக்கிறேன். வெப்சைட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் நெட்டுவாக்கில் ஒரு சின்னப் படம் வேண்டும், அதுதான் தம்ப்நெயில். 300 பிக்சல் அகலம், 400 உயரம். எங்களிடம் இருந்த 700 படங்களில் பெரும்பாலானவை குறுக்குவாக்கில் எடுத்தவை, 4000-க்கு 3000 அளவு. அதில் முழு உயரத்தையும் வைத்துக்கொண்டு நெட்டுவாக்கில் வெட்டினால் 4000 அகலத்தில் 2250தான் மிஞ்சும். கிட்டத்தட்ட பாதிப் படம் வெளியே போகும். இடப்பக்கத்தை விடுவதா, வலப்பக்கத்தை விடுவதா என்று ஒவ்வொரு படமாகக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நான் காசு கொடுத்ததே அந்தக் கண்ணுக்குத்தான்.

ராமநாதபுரம் டவுனில் பிரிண்டிங், கல்யாண ஆல்பம், வெப் டிசைன் எல்லாம் ஒரே இடத்தில் செய்யும் கடை. பெயர் வேண்டாம். "அக்கா, ஒரு படம் குடுங்க, உங்க கண்ணு முன்னாலயே செஞ்சு காட்டுறேன்" என்றார் கடைக்காரத் தம்பி. பனை உச்சியில் உட்கார்ந்து ஒருவர் பாளை சீவும் படத்தைக் கொடுத்தேன். ஆள் இடது ஓரத்தில் இருப்பார், வலப்பக்கம் முழுக்க வானமும் கடலும்தான். வெட்டும் கட்டத்தை இடது பக்கமாக நகர்த்தி, ஆளும் அரிவாளும் பாளையும் உள்ளே அடங்குகிற மாதிரி அழகாக நிறுத்தினார். "சின்னதாக்கும்போது படம் கொஞ்சம் மங்கும்க்கா, லேசா ஷார்ப்பன் பண்ணணும்" என்று அதையும் செய்து காட்டினார். சின்னப் படத்திலும் அந்த மனிதரின் முகம் தெளிவாகத் தெரிந்தது. தொழில் தெரிந்த ஆள் என்று அந்த இடத்தில்தான் நம்பினேன். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

ஒரு படத்துக்கு 20 ரூபாய், எல்லாமே கைவேலை, ஒரிஜினலைத் தொடவே மாட்டோம், தனி ஃபோல்டரில் போட்டுத் தருவோம் என்றார். சரி என்று மொத்தமாக 14,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். அந்தப் பெண்கள் விற்பனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்த பொதுப் பணம் அது.

வந்ததைச் சொல்கிறேன். தொடக்கத்தில் கொஞ்சம் படங்கள் அருமை. அதற்கப்புறம் வட்டச் சுளகு எல்லாம் முட்டை மாதிரி நிற்கிறது. வெட்டவே இல்லை, குறுக்குப் படத்தை அப்படியே 300-க்கு 400 கட்டத்துக்குள் நசுக்கியிருக்கிறார்கள். அகலம் உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஓலைப்பெட்டியின் அளவு பார்த்துத்தானே ஆட்கள் வாங்குகிறார்கள்? இந்தப் படத்தைப் போட்டால் பொருள் கையில் கிடைத்ததும் என்னைத்தான் ஏமாற்றுக்காரி என்பார்கள். இன்னும் சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நட்டநடுவில் வெட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் உட்கார்ந்து கொட்டான் முடையும் ஆத்தாவின் முகம் போய், வெறும் மடியும் ஓலையும் மட்டும் இருக்கிறது. தன் படம் வரும் என்று அவர் எத்தனை ஆசையாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார் தெரியுமா? போனில் எடுத்த படங்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கின்றன. எந்தப் பக்கம் மேலே என்ற குறிப்பு படக்கோப்புக்கு உள்ளேயே இருக்கும், அதைக்கூட மதிக்கவில்லை.

காலேஜில் படிக்கும் அண்ணன் மகன் பார்த்ததுமே சொல்லிவிட்டான்: "அத்தை, இது கைவேலையே இல்ல." இர்ஃபான்வியூ, இமேஜ்மேஜிக் மாதிரி இலவச மென்பொருள்களில் ஒரு ஃபோல்டரை மொத்தமாகக் கொடுத்தால் சில நிமிடத்தில் முடிகிற வேலையாம். இமேஜ்மேஜிக்கில் அளவுக்குப் பின்னால் ஒரு ஆச்சரியக்குறி போட்டால் போதும், விகிதம் எப்படி இருந்தாலும் நசுக்கிக் கொடுத்துவிடும். இதற்கா 14,000?

இதெல்லாம்கூடப் போகட்டும். பழைய படங்கள் மேலேயே அதே பெயரில் சேவ் செய்து வைத்திருக்கிறார்கள். 4000 பிக்சல் இருந்த இடத்தில் இப்போது 300. தூக்கிப் போட்ட பிக்சலை எந்த மென்பொருளும் உண்மையாகத் திருப்பித் தராது, பெரிதாக்கினால் மழுங்கல்தான் மிஞ்சும். பாளை சீவுவதையும் பதநீர் காய்ச்சுவதையும் மறுபடி எடுக்க அடுத்த சீசன் வரை காத்திருக்க வேண்டும்.

போன் போட்டேன். "போன்ல பாக்காதீங்கக்கா, பிரவுசர் கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க." கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்துதான் பார்க்கிறேன் என்றேன். "அப்ப உங்க வெப்சைட்தான் இழுக்குது." வெப்சைட்டில் இன்னும் ஏற்றவே இல்லை என்றேன். "பையன் புதுசுக்கா." ஒரிஜினல் எங்கே என்றதற்கு, "அது உங்க டிரைவுதானே, நீங்கதான் காப்பி வச்சிருக்கணும்." தொடவே மாட்டோம் என்று சொன்ன அதே வாய்! நேரில் போனால், படத்துக்கு 10 ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் திரும்பச் செய்து தருகிறார்களாம். எதை வைத்துச் செய்வார்கள்? பில் கேட்டேன், ஜிபே மெசேஜ்தான் பில்லாம். இப்போது போனை எடுப்பதே இல்லை, ஓனர் பாம்பன் போயிருக்கிறார் என்று பையன் சொல்கிறான்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லியிருக்கிறேன். 14,000 ரூபாயை விடப்போவதில்லை.

விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: டிரைவைக் கொடுக்காதீர்கள், நகல் எடுத்துக் கொடுங்கள். மொத்தப் பணமும் முன்னால் வேண்டாம். "நசுக்கக் கூடாது, வெட்ட வேண்டும், ஒரிஜினல் மேல் சேவ் செய்யக் கூடாது" என்று வாட்ஸ்அப்பில் எழுதி, சரி என்று பதில் வாங்குங்கள். ஏற்கெனவே படம் போயிருந்தால் அந்த டிரைவில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள், அழிந்த பழைய கோப்பை மீட்கிற வாய்ப்பு கொஞ்சமாவது இருக்கும். டவுனில் யாரிடமாவது மொத்தமாகக் கொடுத்து வாங்கியிருந்தால் இன்றைக்கே திறந்து பாருங்கள். ஃபோல்டரின் நடுவிலிருந்து பாருங்கள், முதல் சில படங்கள் சரியாகத்தான் இருக்கும்.