ஹேர்ஸ்பிரேயா ஸ்பாஞ்சா: டாங்கி மாடலில் பெயின்ட் உரிக்க எது, எப்போது?

போர்க்கால டாங்கி மாடல் செய்கிறவர்களுக்கு அடிக்கடி வரும் குழப்பம் இது. பெயின்ட் உரிந்த இடங்களை ஹேர்ஸ்பிரே வைத்துக் காட்டுவதா, ஸ்பாஞ்சால் ஒற்றிக் காட்டுவதா? இந்த முடிவை பெயின்ட் அடிக்கும் முன்பே எடுத்தாக வேண்டும், ஏனென்றால் ஹேர்ஸ்பிரே இரண்டு பெயின்ட் அடுக்குகளுக்கு நடுவில் போகிற சமாச்சாரம், ஸ்பாஞ்ச் எல்லாம் காய்ந்தபின் மேலே வருவது. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த வண்டி, எந்த வருடம், எந்தப் போர்முனை என்று சொல்லுங்கள், பதில் உடனே வந்துவிடும். என் கட்சி இதுதான்: நிஜ வண்டியில் ஒரு பெயின்டின் மேல் இன்னொரு பெயின்ட் இருந்து, அந்த மேல் பெயின்ட் தேய்ந்து போயிருந்தால் ஹேர்ஸ்பிரே. ஒரே பெயின்டில் கையும் பூட்ஸும் இரும்புச் சாமானும் பட்டு அடிவாங்கியிருந்தால் ஸ்பாஞ்ச்.

முதலில் இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துவிடலாம். ஹேர்ஸ்பிரே முறையில் அடியில் தெரிய வேண்டிய நிறத்தை முதலில் அடித்து, அதை வார்னிஷ் போட்டு மூடி, நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் ஹேர்ஸ்பிரேயை மெல்லியதாக இரண்டு தடவை அடிக்க வேண்டும். அது காய்ந்ததும் மேல் நிறத்தை அக்ரிலிக்கில் (தண்ணீரில் கரையும் வகை பெயின்ட்) அடித்து, அதே நாளில் தண்ணீர் தொட்ட பிரஷால் தேய்த்தால் ஹேர்ஸ்பிரே கரைந்து மேல் பெயின்ட் சில்லு சில்லாகக் கழன்று வரும். எங்கே எவ்வளவு வரும் என்பது பாதி உங்கள் கையில், பாதி தண்ணீரின் கையில். அந்தப் பாதிதான் இந்த முறையின் அழகு, ஏனென்றால் கையால் வரையவே முடியாத ஒழுங்கற்ற வடிவங்கள் தானாகக் கிடைக்கும்.

இதில் பெயின்டின் தன்மை ரொம்ப முக்கியம். தமியா பிராண்ட் அக்ரிலிக்கைத் தண்ணீரிலோ அவர்களுடைய அக்ரிலிக் தின்னரிலோ கரைத்து அடித்தால் அருமையாக உரியும். அதே பெயின்டை லாக்கர் தின்னரில் கரைத்தால் கீழே நன்றாகக் கடித்துக்கொண்டுவிடும், தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கும். வயெஹோ மாதிரி பிராண்ட் பெயின்டுகள் ரப்பர் தோல் போல ஒரு படலமாகப் படிவதால், சில்லாக வராமல் துண்டாகக் கிழிந்து வர வாய்ப்பு அதிகம். ஏகே போன்ற பிராண்டுகள் பெயின்ட் உரிக்கவே விற்கும் சிப்பிங் திரவங்களும் இதே தத்துவம்தான், என்ன, ஏர்பிரஷில் ஊற்றி அடிக்கலாம் என்பதால் அளவு கட்டுப்பாட்டில் இருக்கும். மளிகைக் கடை ஹேர்ஸ்பிரே பெரிய துளிகளாக விழும், கொஞ்சம் தள்ளி நின்று அடித்தால் போதும். பணம் மிச்சம் வேண்டுமென்றால் தாராளமாக அதையே வாங்குங்கள்.

ஸ்பாஞ்ச் முறையில் ரகசியம் எதுவும் கிடையாது. பழைய ஸ்பாஞ்சை வெட்டாமல் பிய்த்து (வெட்டினால் விளிம்பு நேராகிவிடும்), கறுப்பு கலந்த பழுப்பு நிறத்தில் தொட்டு, முக்கால்வாசியைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, மிச்சத்தை விளிம்புகளிலும் ஹாட்ச் (ஆள் ஏறி இறங்கும் வாசல்) மூடி ஓரங்களிலும் தொட்டுத் தொட்டு எடுப்பது. பிடிக்கவில்லையென்றால் அந்த இடத்தில் அடிப்படை நிறத்தைத் தொட்டு மூடிவிடலாம், ஹேர்ஸ்பிரேயில் அந்தச் சலுகை சுலபமாகக் கிடைக்காது. புதியவர்களுக்கு ஸ்பாஞ்சே நல்ல தொடக்கம் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். ஆனால் ஒரு பலவீனம் உண்டு. ஸ்பாஞ்ச் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் புள்ளிகளைத்தான் வைக்கும். ஒரே ஸ்பாஞ்சை ஒரே கோணத்தில் பிடித்து வண்டி முழுவதும் ஒற்றினால் அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும்.

இப்போது நிஜ வண்டிகளுக்கு வருவோம். ஹேர்ஸ்பிரே தன் முழுப் பலத்தைக் காட்டும் இடம் 1941 வட ஆப்பிரிக்கா. அந்த வருடம் பிப்ரவரியில் திரிபோலி துறைமுகத்தில் இறங்கத் தொடங்கிய ஜெர்மன் படையின் வாகனங்கள் ஐரோப்பாவுக்கான கருஞ்சாம்பல் நிறத்தில்தான் வந்தன. மார்ச்சில்தான் பாலைவன நிறங்களுக்கான உத்தரவு வந்தது. ஆக, சாம்பலின் மேல் மஞ்சள் பழுப்பை அவசர அவசரமாக அடித்தார்கள், கிடைக்காதவர்கள் மண்ணையே குழைத்துப் பூசினார்கள். சிலுவைக் குறியையும் டரட் (பீரங்கி இருக்கும் சுழல்கூண்டு) எண்ணையும் மறைக்காமல் சுற்றிலும் அடித்ததால் அவற்றைச் சுற்றிச் சாம்பல் கட்டம் அப்படியே நிற்பதை அந்தக் காலப் புகைப்படங்களில் பார்க்கலாம். மெல்லிய மேல் பூச்சு, அதன்மேல் மணல், ஏறி இறங்கும் பூட்ஸ். அடியிலிருந்து எட்டிப் பார்ப்பது துருவும் அல்ல, இரும்பும் அல்ல, சாம்பல் பெயின்ட். பான்சர் 3 என்ற ஜெர்மன் டாங்கியின் கிட் ஒன்றை இந்தக் காலத்துக்குச் செய்கிறீர்கள் என்றால் ஸ்பாஞ்சை ஓரமாக வைத்துவிடுங்கள். ஸ்பாஞ்சில் சாம்பலைத் தொட்டு ஒற்றினால் அது மஞ்சளின் மேல் ஒட்டிய சாம்பலாகத்தான் தெரியும். ஹேர்ஸ்பிரேயில் மஞ்சளுக்கு ஒரு விளிம்பு, ஒரு தடிமன் கிடைக்கும், கண் அதை உடனே நம்பிவிடும்.

இரண்டாவது, குளிர்கால வெள்ளை. கிழக்குப் போர்முனையில் ஜெர்மானியர்களும் சோவியத்துகளும் பனிக்காக டாங்கிகளுக்கு வெள்ளையடித்தார்கள், வசந்தம் வந்ததும் கழுவிவிட வேண்டும் என்பதால் அது நிரந்தரப் பூச்சு அல்ல. மழையில் நனைந்த சுண்ணாம்புச் சுவர் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும், அதேதான்: செங்குத்தாக வழிந்த கோடுகள், தொட்ட இடமெல்லாம் காணாமல் போன வெள்ளை, மூலைகளிலும் வெல்டிங் ஓரங்களிலும் மட்டும் தங்கிப்போன திட்டுகள். இதற்கு ஹேர்ஸ்பிரே நன்றாக வேலை செய்யும், ஆனால் இங்கே பெரிய சில்லுகள் வேண்டாம், ஈர பிரஷை மேலிருந்து கீழாக மட்டும் இழுத்துத் தேய்க்க வேண்டும். வெள்ளையை ஒரே கனத்தில் அடிக்காமல் சில இடங்களில் அடி நிறம் தெரியும்படி விட்டு அடியுங்கள். நிஜத்தில் கிடைத்த பிரஷையும் துடைப்பத்தையும் வைத்து அடித்தது அப்படித்தான் இருக்கும்.

மூன்றாவது வகையில்தான் எனக்கு விருப்பம் அதிகம், ஏனென்றால் இங்கே இரண்டும் சேர்கின்றன. 1943 பிப்ரவரி உத்தரவுக்குப் பிறகு ஜெர்மன் கவச வாகனங்கள் சிவப்பு பிரைமர் எனும் அடிப்பூச்சின் மேல் அடர் மஞ்சளாகத் தொழிற்சாலையிலிருந்து வந்தன. பச்சையும் செம்பழுப்பும் பசையாக டப்பாவில் படைப்பிரிவுகளுக்குப் போகும், அவர்கள் அதைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து அடித்துக்கொள்வார்கள். தொழிற்சாலைப் பூச்சு கெட்டி, களத்தில் அடித்தது மெல்லியது. அதனால் பாந்தர் என்ற ஜெர்மன் டாங்கி மாடலில் பச்சைப் பட்டைகளை மட்டும் ஹேர்ஸ்பிரேயின் மேல் அடித்து லேசாகத் தேய்த்து மஞ்சளைக் காட்டலாம், பிறகு ஹாட்ச் ஓரம், கருவிகள் மாட்டும் கொக்கி, மட்கார்டு முனை இவற்றில் மட்டும் ஸ்பாஞ்சால் கரும்பழுப்பு. மட்கார்டு மெல்லிய தகடு, வளைந்து நெளிந்து பெயின்ட் உதிரும். முன்பக்கக் கவசத் தகட்டில் அந்த மாதிரி உதிர எதுவும் இல்லை. சிமெரிட் பூச்சு உள்ள வண்டி என்றால் இரண்டு முறையும் தோற்கும்: அது பெயின்டே அல்ல, காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்கப் பூசிய பசை. 1943 பிற்பகுதியிலிருந்து 1944 செப்டம்பர் வரைதான் பூசினார்கள். அது பெயர்ந்த இடத்தைக் கத்தி முனையால் பெயர்த்தே காட்ட வேண்டும், உள்ளே பிரைமர் சிவப்பு.

அமெரிக்க ஷெர்மனுக்கும் சோவியத் டி-34க்கும் ஸ்பாஞ்ச், அதுவும் குறைவாக. 1944 நார்மண்டி படங்களைப் பாருங்கள், அமெரிக்க ஷெர்மன்களில் உரிந்த பெயின்டைவிடத் தூசியும் எண்ணெய்க் கறையும் கட்டிவைத்த மூட்டைகளும்தான் கண்ணில் படும். அங்கே துரு நியாயமாக வருகிற ஒரு இடம், வேலிக்கரைகளை இடித்துப் போக முன்னால் பொருத்திய கொம்புகள். ஜெர்மானியர்கள் கடற்கரையில் நட்டுவைத்த இரும்புத் தடைகளையே வெட்டி அவசரமாக வெல்டிங் செய்தவை. டி-34இல் காலாட்படை வீரர்கள் மேலே ஏறி உட்கார்ந்தே போவார்கள், அதனால் கைப்பிடிக் கம்பிகளும் எஞ்சின் மேல்தளமும் தேய்ந்திருக்கும், பக்கவாட்டுச் சரிவில் அவ்வளவு இருக்காது. எங்கே மனிதன் தொட்டான் என்று யோசித்துவிட்டு ஸ்பாஞ்சை எடுங்கள்.

உப்பு முறையையும் சொல்லிவிடுகிறேன். ஈரத்தில் கல்லுப்பை ஒட்டி, பெயின்ட் அடித்து, பிறகு உப்பைத் தட்டிவிடுவது. கைவிடப்பட்டு வருடக்கணக்கில் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிக்குச் சரி. ஓடுகிற டாங்கிக்குத் திட்டுகள் ரொம்பப் பெரியவை.

எல்லாவற்றுக்கும் அளவுக் கணக்கு ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்காமல் பிரஷைத் தொடக் கூடாது. 1/35 மாடலில், அதாவது நிஜத்தைவிட 35 மடங்கு சிறியதில், 1 மி.மீ. புள்ளி என்றால் நிஜத்தில் 3.5 செ.மீ. அரை மி.மீ. என்றாலே கட்டைவிரல் அகலத்துக்கு உரிந்த பெயின்ட். 1/72இல் அதே அரை மி.மீ. 3.6 செ.மீ. ஆகிவிடும். அதனால் 1/72இல் நான் ஸ்பாஞ்சைப் பரிந்துரைக்கவே மாட்டேன். ஊசிமுனை பிரஷில் அடிப்படை நிறத்தின் வெளிர்ந்த சாயலை விளிம்பில் இழுத்தால் போதும். 1/35இலும் அந்த வெளிர் கீறல்களை முதலில் போட்டு, சிலவற்றின் நடுவில் மட்டும் கரும்பழுப்பு வைத்தால் ஆழம் கிடைக்கும், வெறும் கரும்புள்ளிகளைவிட எவ்வளவோ மேல்.

அப்புறம் வாஷ், அதாவது பள்ளங்களில் ஓடி உட்காரும்படி நீர்க்கக் கரைத்த அடர் நிறம். இதிலும் மூன்று கட்சி உண்டு: எனாமல், ஆயில், அக்ரிலிக். வாசனையே ஆகாத, ஜன்னல் இல்லாத அறை என்றால் அக்ரிலிக், வேறு எந்தக் காரணத்துக்காகவும் அதை எடுக்காதீர்கள். சீக்கிரம் காய்ந்து ஓரத்தில் கறைக் கோடு விடும், திருத்த நேரம் தராது. எனாமல் வாஷ் ஆணித்தலைகளையும் வெல்டிங் கோடுகளையும் எடுத்துக்காட்ட மிகச் சிறந்தது. அக்ரிலிக் பெயின்டின் மேல் பளபளக்கும் கிளாஸ் (gloss) வார்னிஷ் போட்டு, அதன்மேல் தொட்டால் தானாக ஓடிப் பள்ளங்களில் உட்காரும், மிச்சத்தை வெகுநேரம் கழித்தும் ஒயிட் ஸ்பிரிட் தொட்ட பிரஷால் துடைத்துவிடலாம். ஒன்று மட்டும், பெயின்ட் படாத வெறும் பிளாஸ்டிக்கின் மேல் குளமாகத் தேங்கவிட்டால் மெல்லிய பாகங்கள் விரிசல் விடும்.

மொத்தத்தில் என் ஓட்டு ஆயிலுக்குத்தான். ஒரு ட்யூப் வருடக்கணக்கில் வரும், ஓவியம் வரைபவர்கள் வாங்கும் கேம்லின் ட்யூபே போதும், அம்பர் (umber, மண் பழுப்பு) நிறங்களும் வெள்ளையும் ஓக்கரும் (மண் மஞ்சள்) இருந்தால் முக்கால் வேலை முடிந்துவிடும். அட்டையில் பிதுக்கிச் சிறிது நேரம் வைத்தால் எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும், அப்போதுதான் மாடலில் பளபளப்பு இல்லாமல் காயும். சின்னச் சின்னப் புள்ளிகளாக வைத்து, தின்னர் பட்டும் படாமலும் இருக்கும் பிரஷால் கீழ்நோக்கி இழுத்தால் மழைக் கோடு, வட்டமாகக் குழைத்தால் மங்கிய பெயின்ட், மூலையில் விட்டால் நிழல். எனாமலால் இத்தனை வேலை ஆகாது. காய நாள்கணக்கில் எடுக்கும் என்பதுதான் விலை, ஆனால் அந்தத் தாமதத்தால்தான் திருத்த முடிகிறது.

தூசிக்கு பிக்மென்ட் பொடி, சேற்றுக்கு அக்ரிலிக் பேஸ்ட், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொடியை மட்டும் வைத்துக் கனமான சேறு செய்யப் பார்த்தால் உதிரும், பேஸ்டை வைத்துத் தூசி செய்யப் பார்த்தால் சிமெண்ட் பூசிய மாதிரி இருக்கும். பொடியை ஒட்டவைக்கும் ஃபிக்ஸர் திரவம் பட்டதும் அது கறுத்துக் காயும்போது வெளுக்கும், காய்ந்த பிறகுதான் இன்னும் வேண்டுமா என்று முடிவெடுங்கள். துனிசியாவுக்கு வெளிர் மஞ்சள் தூசி, ரஷ்ய இலையுதிர்காலத்துக்குக் கருஞ்சேறு. சேற்றில் காய்ந்தது வெளிர், ஈரமானது அடர்த்தி என்று குறைந்தது இரண்டு சாயலாவது வேண்டும். மழைக்கால ஈரக்காற்றில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடிக்காதீர்கள், வெண்படலம் கட்டி அத்தனை வேலையையும் மூடிவிடும்.

ஆதாரத்துக்குப் பீடத்தின் மேல் நிற்கும் டாங்கிகளைப் பார்ப்பவர்கள் உண்டு. நம் ஊர்களில் காட்சிக்கு நிற்கும், ஆவடியில் தயாரான விஜயந்தாவை அளவெடுக்கலாம், வடிவம் பார்க்கலாம், ஆனால் அதன் பெயின்ட் நினைவுச்சின்னத்துக்காக மறுபடி மறுபடி அடித்தது. துனிசியாவில் 1943இல் பிடிபட்டு இன்று இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஜெர்மன் டாங்கியான டைகர் 131க்கும் இதே கதைதான், அதன் இன்றைய பெயின்ட் சீரமைப்பின்போது அடித்தது. உரிந்த பெயின்டுக்கு அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் புகைப்படம்தான் சாட்சி.

டாங்கி ஓடுகிற சக்கரச் செயின்களையும் (டிராக்) கவனியுங்கள். எல்லா டாங்கிச் செயினையும் துருப் பழுப்பாக்கி வெள்ளி தேய்ப்பது பொதுவான பழக்கம். ஜெர்மன் எஃகுச் செயினுக்கும் டி-34க்கும் தரையில் உரசும் பகுதி பளபளக்கும், சரி. ஷெர்மனின் டி48 செயினில் தரையைத் தொடுவது ரப்பர் கட்டை, அது தூசி படிந்த கருஞ்சாம்பல்தான். அங்கே இரும்பு பளபளக்க வேண்டியது கட்டைகளை இணைக்கும் ஓரக் கொக்கிகளும் அவற்றில் மாட்டும் ஸ்பிராக்கெட் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) பற்களும் மட்டும். 2பி பென்சிலைப் பொடித்து, விரலில் தொட்டு அங்கே மட்டும் தடவுங்கள்.