வாங்கின பாட்டுக்கு மறுபடியும் காசா? ரிங்டோன் வைக்க எந்த வழி நியாயம்

போன மாதம் என் அக்கா மகள் காவேரிப்பட்டினத்துக்கு வந்திருந்தாள். ஓசூர் பக்கம் ஐபோனுக்குப் பாகம் செய்கிற ஆலையில் வேலை, தங்கல் விடுதியில். யாரோ வைத்திருந்த ஐபோன் ஒன்றைத் தவணையில் வாங்கியிருக்கிறாள். அதில் ஆப்பிளின் இணையப் பாட்டுக்கடையான ஐடியூன்ஸுக்குள் போய், பிடித்த பாட்டு ஒன்றைக் காசு கொடுத்தே வாங்கியிருந்தாள். அவள் வயதில் பாட்டை விலைக்கு வாங்குகிற பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாகவே இருந்தது. ஆனால் அந்தப் பாட்டை ரிங்டோனாக வைக்க அவளுக்கு வழி தெரியவில்லை. கூட வேலை செய்கிற பெண், ரிங்டோனைத் தனியாக வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டாளாம்.

“மாமா, பாட்டு நான் காசு போட்டு வாங்கினதுதானே? அது மணியா அடிக்கிறதுக்கு எதுக்கு இன்னொரு வாட்டி காசு?”

அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு வழியாகப் பார்த்தோம். பாட்டுக்கு ஒரு தடவை காசு கொடுத்தே ஆக வேண்டும், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. கொடுத்த பிறகு அது என் போனில் எப்படி ஒலிக்கிறது என்பது என் விருப்பம். இந்த அளவுகோலோடுதான் கீழே எல்லா வழிகளையும் எடை போடுகிறேன்.

ரிங்டோனைத் தனியாக வாங்குவது

அந்தப் பெண் சொன்னது முழுக்கப் பொய்யில்லை. 2007 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸில் ரிங்டோன் விற்பனையைத் தொடங்கியபோது ஏற்பாடே அப்படித்தான் இருந்தது. பாட்டு 99 சென்ட். அதே பாட்டில் 30 நொடிவரை வெட்டி ரிங்டோனாக்க இன்னொரு 99 சென்ட். வாங்கிய எல்லாப் பாட்டுக்கும் அந்த வசதி கிடையாது, அனுமதி உள்ள பாட்டுகளுக்கு மட்டும்தான். முழுப் பாட்டுக்கும் அதன் அரை நிமிடத்துக்கும் ஒரே விலை. அப்போது அமெரிக்காவில் செல்போன் நிறுவனங்கள் ஒரு ரிங்டோனை இரண்டு, மூன்று டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தன. அதோடு பார்த்தால் இது மலிவு. ஏற்கெனவே பாட்டை வாங்கியவருக்கோ அது இரட்டை வசூல்.

இதற்கு எதிர்ப்பக்க நியாயமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2006 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை (காப்பிரைட்) அலுவலகம், பாட்டிலிருந்து வெட்டி விற்கும் ரிங்டோனும் சட்டப்படியான கட்டாய உரிமத்துக்குள் வரும், அதாவது தனியாக அனுமதி கேட்காமல் சட்டம் வகுத்த தொகையைக் கட்டி விற்கலாம் என்று முடிவு சொன்னது. 2008-இல் அங்குள்ள உரிமத்தொகை வாரியம் விகிதம் வகுத்தது. தரவிறக்கம் செய்யும் ஒரு பாட்டுக்கு, அதை எழுதியவர்கள், இசையமைத்தவர்கள் பக்கம் போக வேண்டியது 9.1 சென்ட். ரிங்டோனுக்கு 24 சென்ட். அரை நிமிடத் துண்டு அவர்களுக்கு முழுப் பாட்டைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கொடுத்தது. இந்தக் கணக்கைச் சொன்னபோது அக்கா மகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ அந்தக் காசு எழுதினவங்களுக்குத்தான் போகுதா மாமா?” என்று கேட்டாள். ஒரு பங்கு போனது, உண்மைதான். மிச்சம் கடைக்கும் இசைத்தட்டு நிறுவனத்துக்கும் போனது.

போன் பொது இடத்தில் அடிக்கிறதே, நாலு பேர் கேட்கிறார்களே, அது மேடைக் கச்சேரி மாதிரிதானே என்று இன்னொரு வாதத்தையும் வைத்தார்கள். அமெரிக்க இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கமான ஆஸ்கேப், வெரைசன் என்ற செல்போன் நிறுவனத்திடம் இந்த வகையில் தொகை கேட்டது. 2009 அக்டோபரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பேருந்து நிலையத்தில் போன் அடிப்பது பொது நிகழ்ச்சி ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம். தர்மபுரி பேருந்து நிலையத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு இது தீர்ப்பு இல்லாமலே புரியும். அங்கே அடிக்கிற போன்களை எவரும் கச்சேரி கேட்பதுபோல் கேட்பதில்லை, அவரவர் பையைத் தடவிப் பார்க்கிறார்கள்.

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில், சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை மீறல் அல்ல என்று சொல்கிறது. விலைக்கு வாங்கிய பாட்டில் 25 நொடியை வெட்டி என் போனில் வைத்துக்கொள்வது சொந்த உபயோகம் இல்லையென்றால் வேறு எதுதான் சொந்த உபயோகம்? ஆகவே பாட்டு கையில் இருக்கும்போது ரிங்டோனைத் தனியாக வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. பாட்டே இல்லை, அந்தத் துண்டு மட்டும் போதும் என்பவர் வாங்கினால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

வாங்கிய பாட்டை நாமே வெட்டுவது

ஆண்ட்ராய்டு போனில் இதற்கு ஒரு நிமிடம் போதும். எம்பி3 கோப்பை போனின் உள்நினைவகத்தில் ‘ரிங்டோன்ஸ்’ என்ற கோப்புறையில் போட்டுவிட்டு, ஒலி அமைப்புக்குள் போய்த் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. மெமரி கார்டில் வைக்காதீர்கள். போனை அணைத்துப் போடும்போது கார்டு தயாராவதற்கு முன் போன் கோப்பைத் தேடிக் காணாமல், பழைய கம்பெனி மணிக்கே திரும்பிவிடுவதுண்டு. என் தம்பி டெம்போ ஓட்டுகிறான். மாம்பழக் காலத்தில் மாங்கூழ் ஆலைக்கும் மண்டிக்கும் இடையே நாள் முழுக்க அலைச்சல். ‘என் பாட்டு அடிக்கவேயில்லை, கூப்பிட்டது பக்கத்து வண்டிக்காரன் போன்னு நினைச்சு விட்டுட்டேன்’ என்று இரண்டு முறை லோடு தவறவிட்டவன் அவன். கார்டிலிருந்து எடுத்து உள்ளே போட்டபின் அந்தத் தொல்லை இல்லை.

ஐபோனில் கொஞ்சம் சுற்றுவழி. கேரேஜ்பேண்ட் என்ற ஆப்பிளின் இலவசச் செயலியில் பாட்டைக் கொண்டுவந்து, 30 நொடிக்குள் வெட்டி, பகிர்வில் ‘ரிங்டோன்’ என்று கொடுத்தால் அமைப்புகளில் வந்து உட்கார்ந்துவிடும். பாட்டு போனில் இறங்கியிருக்க வேண்டும், வேறு செயலியில் திறக்காதபடி பூட்டுப் போட்ட பாட்டாக இருக்கக்கூடாது. ஐடியூன்ஸில் 2009-இலிருந்து பாட்டுகளுக்குப் பூட்டு இல்லை, அதனால் அக்கா மகள் வாங்கியதில் சிக்கல் வரவில்லை. 2025-இல் வந்த ஐஓஎஸ் 26 உள்ள போன்களில் இன்னும் எளிது. 30 நொடிக்குட்பட்ட ஒலிக்கோப்பைக் கோப்புகள் செயலியிலிருந்தே ரிங்டோனாக்கலாம். அவள் போன் பழையது, கேரேஜ்பேண்டில்தான் செய்தோம். முதல் முறை முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டாவது பாட்டை அவளே பத்து நிமிடத்தில் முடித்தாள்.

எந்த இடத்தில் வெட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பலர் பாட்டின் ஆரம்பத்தையே வைக்கிறார்கள். மெல்ல எழும் முன்னிசை பைக்குள் இருக்கும் போனில் காதில் விழுவதற்குள் கூப்பிட்டவர் வைத்துவிடுவார். போனின் சின்ன ஒலிபெருக்கியில் தாழ்ந்த ஒலி எழவே எழாது. வயதானவர்களுக்கோ முதலில் குறைவது உச்ச ஒலியைக் கேட்கும் திறன். இரண்டுக்கும் நடுவில் விழுகிற குரல், நாகஸ்வரம், புல்லாங்குழலின் கீழ்ப்பகுதி இவைதான் எடுபடும். பல்லவி திடீரென்று எடுக்கும் இடத்தில் வெட்டுங்கள், அதற்கு அரை நொடி முன்னால்கூட வேண்டாம்.

செலவு சுழியம், பாட்டுக்குக் கொடுத்த காசு கொடுத்ததுதான். என் பார்வையில் இதற்கு ஈடான வழி வேறில்லை.

மாதச் சந்தா

ஸ்பாட்டிஃபை மாதிரியான செயலிகளில் சந்தா கட்டுகிறோம், பாட்டையும் போனில் இறக்கி வைக்கிறோம். அதை ரிங்டோனாக்க முடியாது. இறக்கியது பூட்டிய கோப்பு, அந்தச் செயலிக்குள் மட்டுமே திறக்கும். சந்தா நின்றால் அதுவும் நின்றுபோகும். கேட்பதற்கு இதைவிட வசதி இல்லை, நானும் கட்டுகிறேன். ஆனால் இது வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்க நினைக்கிறவர்கள் அந்த ஒரு பாட்டையாவது தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

காலர் டியூன்

இதையும் ரிங்டோனையும் ஒன்றென்று நினைப்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய. ரிங்டோன் நம் போனில் நமக்குக் கேட்பது. காலர் டியூன் நம்மைக் கூப்பிடுகிறவர் காதில் விழுவது, அது இருக்கும் இடம் செல்போன் நிறுவனத்தின் கணினி. வாங்கிய பாட்டைக் கொண்டுபோய் அதில் வைக்க முடியாது. அவர்கள் பட்டியலில் இருப்பதில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். சில நிறுவனங்கள் இலவசமாகத் தருகின்றன, சில மாதாமாதம் பிடிக்கின்றன.

இங்கே கூடுதல் காசு கேட்பதில் கொள்கை அளவில் நியாயம் உண்டு. கேட்பவர் நானல்ல, நூறு பேர். பாட்டை ஒலிபரப்புவதும் நிறுவனம்தான், அதில் வியாபாரமும் இருக்கிறது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும் இடங்களில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய பங்கை அவர்களே விட்டுக்கொடுத்தாலும் செல்லாது என்று ஆகியிருக்கிறது. அதனால் முறையாக நடக்கிற காலர் டியூன் விற்பனையை நான் எதிர்க்கமாட்டேன்.

எனக்குக் குறை வேறு. பழைய வகை அழைப்பில் தொலைபேசி வழியே போகும் ஒலி சுமார் 300-இலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான். பேச்சுக்கு அது போதும், இசைக்குப் போதாது. தவிலின் அடி தகரம் தட்டுவதுபோல் ஆகிவிடும், தாளத்தின் கிணுகிணுப்பு காணாமலே போகும். 4ஜி வழி அழைப்பில் 7000 ஹெர்ட்ஸ் வரை போவதால் பரவாயில்லை, ஆனால் இரு முனையிலும் அது இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் யாரைக் கூப்பிட்டாலும் இருமல் சத்தத்தோடு கொரோனா அறிவிப்பு வந்ததே, அப்போது கூப்பிடுகிறவர் காதில் என்ன விழ வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யவில்லை. வாங்கினாலும் அது நம் கையில் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அப்பாவின் பட்டன் போனில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மாந்தோப்பில் இருக்கும்போது ஏதோ ஓர் அழைப்பு, ‘ஒன்றை அழுத்தவும்’ என்றது, அவரும் அழுத்திவிட்டார். அடுத்தடுத்த மாதங்களில் போட்ட ரீசார்ஜில் காசு குறைந்துகொண்டே வந்தது. அவருக்குக் காலர் டியூன் இருப்பதே தெரியாது, தன்னைத் தானே யார் கூப்பிட்டுக் கேட்பார்கள்? நான் கூப்பிட்டபோது சாமி பாட்டு வந்தது, அப்பா ஆசைப்பட்டு வைத்திருக்கிறார் என்றே நினைத்தேன். இப்படி நடக்கக்கூடாது என்றுதான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-லேயே, இத்தகைய சேவைக்கு வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் பெற வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. நிறுத்துவதற்கு 155223 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பெரியவர்கள் போனை மாதம் ஒருமுறை வாங்கிப் பாருங்கள், குறைந்த காசுக்குக் காரணம் கேளுங்கள். வெட்கப்பட்டு அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

கடையில் ஏற்றிக்கொள்வது

ஒரு காலத்தில் நம் ஊர் செல்போன் கடைகளில் மெமரி கார்டைக் கொடுத்தால் நூற்றுக்கணக்கில் பாட்டு ஏற்றிக் கொடுப்பார்கள். இப்போது யூடியூபிலிருந்து உருவி எடுக்கும் தளங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. செலவே இல்லாத வழி என்று பலர் சொல்வார்கள். பாடியவருக்கு, வாசித்தவருக்கு, எழுதியவருக்கு ஒரு பைசா போகாது. ரிங்டோனுக்குத் தனிக்காசு கேட்பது அநியாயம் என்று வாதாடுகிற நான், பாட்டுக்கே காசு கொடுக்காத இந்த வழியை ஒப்பீட்டில் சேர்க்கவே விரும்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார் என்பதால் எழுதினேன்.

நாமே பதிவு செய்வது

அதிகம் பேர் யோசிக்காத வழி இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்த பம்பைக் குழுவில் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன், அப்பா போனுக்கு ஒரு நிமிடம் வாசிக்க முடியுமா என்று. சிரித்துக்கொண்டே வாசித்தார். கேட்டதற்கு மேலே காசு கொடுத்தேன், இதை என் அப்பா போனில் மட்டும்தான் வைப்பேன் என்றும் சொன்னேன். இதில் கொடுத்த காசு முழுதும் வாசித்த கைக்கே போனது. பம்பையின் அடித்தொனி போன் ஒலிபெருக்கியில் எழவில்லை, எதிர்பார்த்ததுதான். குச்சி படும் கூர்மையான சத்தம் மட்டும் தெறித்து வருகிறது, அது போதும். தோப்பில் நாலு மரம் தள்ளிக் கயிற்றுக் கட்டிலில் சட்டையோடு போனைப் போட்டுவிட்டுப் போனாலும் அப்பாவுக்குக் கேட்கிறது.

அக்கா மகள் கிளம்பும்போது அவள் வாங்கிய பாட்டு 22 நொடித் துண்டாக அவள் அம்மாவின் எண்ணுக்கு மட்டும் வைக்கப்பட்டிருந்தது. மற்றவர்கள் கூப்பிட்டால் கம்பெனி மணிதான். காலர் டியூனும் எடுக்கலாமா என்று கேட்டாள். விடுதிக்கு உன்னை யாரெல்லாம் கூப்பிடுகிறார்கள் என்றேன். அம்மா, நீங்கள், தவணை கேட்கிறவர் என்றாள். முதல் இரண்டு பேரையும் கேட்டுவிட்டு எடு என்று சொல்லி ஓசூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.