பிரஸ் வந்தாச்சு, பிரைமர் எங்கே?

கடையில் தோட்டா அலமாரி காலியாகக் கிடந்த சமயத்தில், "இனி நாமே போட்டுக்கொள்ளலாம்" என்று ரோஷப்பட்டு ஒரு சிங்கிள் ஸ்டேஜ் ரீலோடிங் பிரஸ் வாங்கினேன்; சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை மறுபடி தோட்டாவாக்கும் கை இயந்திரம், ஒரு அழுத்துக்கு ஒரு வேலை. பத்து மாதம் ஓட்டியாகிவிட்டது. இயந்திரத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். வாங்கிய நோக்கத்துக்கு இரண்டு கொடுத்தாலே அதிகம்.

உடம்பு முழுக்க வார்ப்பிரும்பு, நல்ல கனம். முதலில் பிளைவுட் மேஜையில் மாட்டினேன். கைப்பிடியை அழுத்தும்போதெல்லாம் மேஜையே எழுந்து வந்தது. தடித்த பலகைக்கு மாற்றிய பிறகு ஆட்டம் அசைவில்லை. கூட்டின் அடியில் இருக்கும், அடித்தால் தீப்பொறி கிளப்பும் சின்ன மூடிதான் பிரைமர். பழைய பிரைமர் 'டக்'கென்று கழன்று விழுவதைக் கேட்பதே ஒரு சுகம். அது கீழே உள்ள டப்பாவில் விழ வேண்டும். பத்தில் ஒன்று தரையில் உருண்டு என் செருப்பில் அப்பிக்கொள்கிறது. சுட்ட பிரைமரில் படிந்த கரியில் ஈயம் இருக்கும், எழுந்ததும் கையைக் கழுவிவிடுங்கள்.

டை என்பது கூட்டை அளவுக்குக் கொண்டுவரும் அச்சு. அதை மாட்டும் இடம் வழக்கமான 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை. அதனால் கையில் இருந்த பழைய டைகள் எல்லாம் உட்கார்ந்துவிட்டன. 9 மி.மீ. கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு கார்பைடு என்ற கடின உலோக டை இருந்தால் எண்ணெய்கூட வேண்டாம். .308 ரைஃபிள் கூட்டுக்கு அப்படி இல்லை. ஒரே ஒரு கூட்டுக்கு எண்ணெய் தடவ மறந்தேன். டைக்குள் சிக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிட்டது. தப்பு என்னுடையது, பிரஸ்ஸுடையது அல்ல.

இன்னொரு கூத்து .45 ஏசிபி என்ற கைத்துப்பாக்கித் தோட்டா. பெரும்பாலான கூடுகளில் பெரிய பிரைமர் குழி; சிலவற்றில் சின்னது. பொறுக்கிவந்த குவியலில் இரண்டும் கலந்துகிடக்கும். பெரிய பிரைமரைச் சின்னக் குழியில் அமுக்கப் போனால் கைப்பிடி பாதியிலேயே நின்றுவிடும். நின்றால் நிறுத்துங்கள், பலத்தைக் காட்ட வேண்டாம். அது வெடிக்கிற சாமான்.

பிரஸ் வாங்கினால் தட்டுப்பாட்டிலிருந்து தப்பலாம் என்று நினைத்ததுதான் என் முட்டாள்தனம். கூடு, பிரைமர், பவுடர் (வெடிமருந்து), புல்லட் (பறந்து போகும் தலை) என நாலு சாமான் வேண்டும். கூட்டைச் சுடும் இடத்திலேயே பொறுக்கலாம். புல்லட்டை ஈயத்தில் வார்க்கலாம். வேண்டிய பவுடர் இல்லையென்றால், ரீலோடிங் கையேட்டில் அதே புல்லட்டுக்கு வேறு பவுடர் என்ன அளவு போட்டிருக்கிறது என்று பார்த்து, ஆரம்ப அளவிலிருந்து மறுபடி தொடங்கலாம். பிரைமருக்கு மட்டும் மாற்று கிடையாது. தோட்டா தட்டுப்பாடு வந்தால் தொழிற்சாலைகள் பிரைமரைத் தங்கள் தோட்டாவுக்கே எடுத்துக்கொள்ளும். நமக்கு வருவது மிச்சம்தான். ஆக, தோட்டாவுக்கு நின்ற வரிசையை விட்டு பிரைமர் வரிசையில் போய் நின்றேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் 2020-இல் நடந்ததே சாட்சி. அப்போது அங்கே பிரைமர் செய்த பெரிய பெயர்கள் நாலுதான்: சிசிஐ, ஃபெடரல், வின்செஸ்டர், ரெமிங்டன். அந்த ஆண்டு ஜூலையில் ரெமிங்டன் திவால் மனு போட்டது. அதன் தோட்டாத் தொழிலை வாங்கிய விஸ்டா அவுட்டோர் நிறுவனம்தான் அப்போது ஏற்கெனவே சிசிஐ, ஃபெடரல் இரண்டுக்கும் முதலாளியாக இருந்தது. நாலில் மூன்று ஒரே கூரைக்கு அடியில் வந்தன. வாங்க வந்த கூட்டமோ முன்னெப்போதும் இல்லாத கூட்டம்.

வேகம் பற்றிக் கேட்பவர்களுக்கு: நிதானமாக உட்கார்ந்தால் எனக்கு மணிக்கு ஐம்பது தோட்டா. வாரம் முந்நூறு சுடுகிறவருக்கு இது தண்டனை. மாதம் நூறு சுடும் எனக்குப் போதும். வாங்குவதாக இருந்தால் பிரைமர் டப்பாவை முதலில் வாங்குங்கள், பிரஸ்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் தலைகீழாகச் செய்தேன். 800 கூடு கழுவி, அளவு சரிசெய்து, வாய் விரித்து, தேதி எழுதிய டப்பாக்களில் மேஜைக்கு அடியில் காத்திருக்கிறது. பிரைமர் 140 மிச்சம்.