நூறு ஆட்டம், ஒன்பது பக்கம்

முல்லைத்தீவு ஒட்டுசுட்டானில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவனுக்குச் சதுரங்கப் பயிற்சியாளர் எதற்கு என்று மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. காசு முதல் நாளே போய்விட்டது. ஆறாயிரம் ரூபாய். என்னுடைய கடைசி நூறு மின்னல் ஆட்டங்களைப் பார்த்து, நான் எப்படிப்பட்ட ஆட்டக்காரன், எதில் பலம், எதைத் திருத்த வேண்டும் என்று எழுதித் தருவதுதான் சேவை. முடிவில் அரை மணி நேரம் தொலைபேசியிலும் பேசலாம். கொழும்பிலிருந்து இணையவழியில் கற்பிக்கும் ஓர் இளைஞர் இதைச் செய்கிறார். குறையும் சொல்லப் போவதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

முதலில் என் தராதரத்தைச் சொல்ல வேண்டும். லிசெஸ் தளத்தில் 3+0 ஆடுகிறேன். ஆளுக்கு மூன்று நிமிடம், நகர்வுக்குக் கூடுதல் விநாடி கிடையாது. அங்கே எல்லோரும் 1500 புள்ளியில்தான் தொடங்குவார்கள். ஏழு வருடம் ஆடி நான் 1640இல் நிற்கிறேன். ஏழு வருடத்தில் பனங்கொட்டைகூட இதைவிட உயரமாக வளர்ந்திருக்கும். காலையில் கடை திறந்து முதல் ஆள் வரும்வரை இரண்டு ஆட்டம், மதியம் வெயிலுக்கு வீதி வெறிச்சோடிக் கிடக்கும்போது நாலைந்து, இரவு படுக்கும் முன் "இதுதான் கடைசி" என்று சொல்லி மூன்று. ஆட்டத்தின் நடுவில் யாராவது வந்து லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்குப் பெல்ட் கேட்டால் அந்த ஆட்டம் போயிற்று. அப்படிக் கெட்ட ஆட்டங்களை நீக்கிவிட்டு அனுப்பவா என்று கேட்டேன். "வேண்டாம் அண்ணை, எல்லாம் இருக்கட்டும்" என்றார்.

ஐந்து நாளில் தருவதாகச் சொன்னது பன்னிரண்டு நாளில் வந்தது. இடையில் இரண்டு முறை நினைவூட்டினேன். இரண்டு முறையும் "நாளைக்கு" என்றே பதில் வந்தது. உதிரிப்பாகக் கடைக்காரன் நான். "நாளைக்கு வரும்" என்ற சொல்லின் பொருளை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஒன்பது பக்கம். அதில் முதல் மூன்று பக்கங்களைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. தொடக்கத்தில் எவ்வளவு துல்லியம், நடு ஆட்டத்தில் எவ்வளவு, எத்தனை பெரும் பிழை, எத்தனை சிறு பிழை என்று வண்ண வண்ணமாகக் கட்டங்கள். இவை அத்தனையும் லிசெஸ் இலவசமாகவே தருபவை. திபோ டுப்ளெசி என்ற பிரெஞ்சுக்காரர் 2010இல் தொடங்கிய தளம் அது. விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை, நன்கொடையில் ஓடுகிறது. ஆட்டம் முடிந்ததும் கணினி ஆய்வு கேட்டால் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க மென்பொருள் ஒவ்வொரு நகர்வையும் உரசிப் பார்த்துச் சொல்லிவிடும். பிழைவிட்ட இடத்துக்குத் திரும்பக் கூட்டிப்போய் "இங்கே வேறு என்ன செய்திருப்பாய்?" என்று கேட்கும் வசதியும் உண்டு. அதை எடுத்து அழகுபடுத்தி எனக்கே விற்பது, என் வாய்க்கால் தண்ணீரைப் போத்தலில் அடைத்து என்னிடமே காசு வாங்குவது போன்றது. அறிக்கை வாங்க நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே கேளுங்கள்: கணினி சொன்னது எத்தனை பக்கம், நீங்கள் சொல்வது எத்தனை பக்கம்?

நான்காம் பக்கத்தில்தான் மனிதர் பேசத் தொடங்குகிறார். அங்கிருந்து மாற்றுக் கருத்தே இல்லை, ஆள் கெட்டிக்காரர்.

வெள்ளைக் காய் கிடைத்த ஐம்பது ஆட்டங்களிலும் நான் லண்டன் என்ற தொடக்க முறையைத்தான் ஆடியிருக்கிறேன். அரசிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளு. கறுப்புக் கட்ட மந்திரியை எஃப்4 கட்டத்தில் கொண்டுபோய் வை. அப்புறம் சி3, டி4, இ3 என்று மூன்று சிப்பாய்களால் ஒரு முக்கோணம். எதிரி எதை ஆடினாலும் நான் இதையே ஆடலாம். "நீங்கள் எதிரியைப் பார்க்காமலே வேலி அடைக்கிறீர்கள்" என்று எழுதியிருந்தார். அந்த வேலியில் ஆடு நுழையும் பொட்டு எங்கே என்பதையும் காட்டினார். மந்திரி சி1ஐ விட்டு வெளியே போனதும் பி2 சிப்பாய்க்குக் காவல் இல்லை. கறுப்பு தன் சி நிரல் சிப்பாயைத் தள்ளிவிட்டு அரசியைப் பி6க்குக் கொண்டுவந்தால் நேரே பி2இல் கை வைக்கிறது. அப்போது என் அரசியைப் பி3இல் நிறுத்தி முகத்துக்கு முகம் பார்க்க வேண்டுமாம். நானோ ஏழு ஆட்டங்களில் மூலையில் நின்ற கோட்டையைப் பி1க்கு இழுத்து அந்த ஒற்றைச் சிப்பாய்க்குக் காவல் வைத்திருக்கிறேன். ஏழிலும் கோட்டை கடைசிவரை அங்கேயே நின்றது. யானையைக் கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்குக் காவல் வைத்த கதை.

பலம் என்று எழுதியிருந்தது அரைப் பக்கம்தான். ஒரு காய் மிச்சமாகக் கிடைத்துவிட்டால் மற்றவற்றை மாற்றி மாற்றி ஆட்டத்தை எளிதாக்கத் தெரிகிறது. எதிரி பொறுமையிழந்து பாயும்போது பதறுவதில்லை. ஒரே நகர்வில் அரசியைப் பறிகொடுப்பது போன்ற குருட்டுப் பிழை, இந்தப் புள்ளியில் ஆடுபவர்களோடு ஒப்பிட்டால் குறைவு. இதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "உங்களுக்குப் பதற்றம் வராது என்பதைச் சொல்ல ஆறாயிரமா?" என்றாள்.

ஆனால் ஆறாயிரத்துக்கும் உரிய பக்கம் ஐந்தாவது. நூற்றில் 44 தோல்வி. அதில் 23 நேரம் முடிந்து தோற்றவை. அந்த 23இல் 14 ஆட்டங்களில் நேரம் தீரும்போது நான் சமநிலையிலோ அதைவிட மேலாகவோ இருந்திருக்கிறேன். நான் தோற்பதெல்லாம் சதுரங்கத்தில் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

ஓர் ஆட்டத்தை எடுத்து நகர்வு நகர்வாகக் காட்டியிருந்தார். பதினொன்றாம் நகர்வு. எச் நிரல் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி மந்திரிக்குப் பின்வாங்க இடம் வைப்பதா, இல்லை அரசனை ஓரத்துக்கு ஒதுக்கிக் கோட்டை கட்டுவதா (காஸ்லிங்) என்று 31 விநாடி யோசித்திருக்கிறேன். எனக்கு அந்த இடம் நினைவிருக்கிறது. விரலைச் சிப்பாயின் மேல் வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன். கடைசியில் சிப்பாயைத் தள்ளினேன். அடுத்த நகர்வில் கோட்டை கட்டினேன். கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். எதை முதலில் செய்தாலும் மாற்றமில்லை. அதே ஆட்டத்தில் 27ஆம் நகர்வில் எதிரி தன் குதிரையைக் கொடுத்து என் அரசனின் முன்னால் நின்ற சிப்பாய்களை உடைத்தார். ஆட்டம் முழுவதிலும் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய ஒரே இடம் அது. அப்போது என்னிடம் இருந்தது 14 விநாடி. இரண்டு விநாடியில் குதிரையை வெட்டினேன். வெட்டாமல் விலகியிருந்தால் எதிரிக்கு ஒன்றுமே இல்லை.

எனக்கு முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. விதைத்த கையோடு துருசைத் திறந்து வாய்க்கால் நிரம்ப விட்டுவிட்டு, பயிர் தண்ணீர் கேட்கும் குடலைப் பருவத்துக்கு வரும்போது குளத்தைப் பார்த்துக் கைபிசையும் ஆட்களை நானே கூட்டத்தில் எழுந்து நின்று திட்டியிருக்கிறேன். மூன்று நிமிடத்தில் அதே வேலையைத்தான் நாள் தவறாமல் பத்து முறை செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

இறுதி ஆட்டம் பற்றிய பக்கமும் நன்று. எதிரியிடம் ஒரு கோட்டையும் ஒரு சிப்பாயும், என்னிடம் கோட்டை மட்டும். என் அரசன் கடைசி வரிசையில் சிப்பாயின் வழியை மறித்து நிற்கிறான். இதைச் சமன் செய்யும் வழிக்குப் பிலிடோர் நிலை என்று பெயர். 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர், இசையமைப்பாளரும்கூட. கோட்டையைச் சிப்பாய்க்கு முன்னால் உள்ள, எதிரிப் பக்கமிருந்து எண்ணினால் ஆறாம் வரிசையில் வைத்துக்கொண்டு அப்படியும் இப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தால் எதிரி அரசனால் அந்த வரிசையைத் தாண்ட முடியாது. சிப்பாய் ஆறாம் வரிசைக்கு ஏறிய உடனே கோட்டையை முதலாம் வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிப்பாய் ஏறிவிட்டதால் எதிரி அரசனுக்கு ஒளிய இடம் இராது. நான் சிப்பாய் ஐந்தாம் வரிசையில் நிற்கும்போதே அவசரப்பட்டு இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகும் தற்காக்க வழி இருந்ததாம். 7 விநாடியில் யாருக்கு வரும்? இந்த ஒரு நிலையை மட்டும் பழைய ரசீதுப் புத்தகத்தின் அட்டையில் வரைந்து கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். காசு கொடுக்கும்போது எல்லோரும் அது என்ன என்று கேட்கிறார்கள்.

மருந்து எழுதியதில்தான் எங்களுக்குள் கொஞ்சம் பிணக்கு. முதல் பத்து நகர்வுக்கு மொத்தம் இருபது விநாடிக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்றார், சரி. நகர்வுக்கு இரண்டு விநாடி கூடுதலாகக் கிடைக்கும் 3+2க்கு மாறச் சொன்னார். உலக மின்னல் சாம்பியன் போட்டியே அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. லிசெஸ் ஓர் ஆட்டத்துக்கு 40 நகர்வு என்று வைத்துத்தான் வகை பிரிக்கிறது. அதன்படி 3+0 வெறும் 180 விநாடி. ஒரு விநாடி குறைந்தாலும் அது மின்னலைவிட வேகமான புல்லட் வகை ஆகிவிடும். 3+2 என்றால் 260. அதுவும் சரி. ஆனால் லண்டனைக் கைவிட்டு வியன்னா கேம்பிட் என்ற தொடக்கத்தை ஆடு என்றாரே, அதை எப்படி ஏற்பது? மூன்றாம் நகர்விலேயே எஃப் நிரல் சிப்பாயைத் தூக்கி எதிரியின் வாயில் வைக்கிற ஆட்டம் அது. சொன்னதற்காக இரண்டு வாரம் ஆடினேன். பதிலுக்கு டி நிரல் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளத் தெரிந்தவர்கள் எல்லோரும் என்னைத் தோலுரித்தார்கள். அறுபது புள்ளி போனது. திரும்ப லண்டனுக்கே வந்துவிட்டேன், பி2ஐ மட்டும் கவனித்துக்கொண்டு. இளைஞர்களுக்கு எல்லோரும் தங்களைப் போலவே ஆட வேண்டும். 2024 டிசெம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியனான குகேஷுக்கே மின்னல் ஆட்டம் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை என்று எல்லோரும் பேசுகிறார்கள். இதைச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். அவருக்கும் எனக்கும் உள்ள தூரம் எனக்கும் தெரியும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. தாமதத்துக்கு அரை, அந்த மூன்று பக்கத்துக்கு ஒன்று குறைத்திருக்கிறேன். 1500ஐத் தாண்டி வருடக்கணக்காக ஒரே இடத்தில் நிற்பவர்கள் வாங்கலாம். அதற்குக் கீழே இருப்பவர்கள் காசை வைத்துக்கொண்டு லிசெஸ் தரும் புதிர்களைச் செய்தால் போதும்.

அந்த அரை மணி நேரத் தொலைபேசியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சிக்னலுக்காகக் கடையின் பின்பக்கம் வேம்படியில் நின்று பேசினேன். கடைசி ஐந்து நிமிடத்தில் அவர் கேட்டார்: "அண்ணை, ஒன்று எனக்கு விளங்கவில்லை. தோற்றால் எதுவும் போகப் போவதில்லை, வெறும் புள்ளி. எதற்காக இவ்வளவு பயந்து ஆடுகிறீர்கள்? பாதுகாப்பான இரண்டு நகர்வுக்கு நடுவில் எது கூடப் பாதுகாப்பு என்று அரை நிமிடம் பார்க்கிறீர்கள். எங்கே பழகினீர்கள்?"

2009இல், போர் முடிந்து எங்களை அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் என்றேன். நிவாரணப் பெட்டியின் அட்டையில் கரியால் கட்டம் போட்டோம். தண்ணீர்ப் போத்தல் மூடிகள்தான் காய்கள். நீல மூடி கறுப்புப் படை, வெள்ளை மூடி வெள்ளைப் படை. மூடியின் மேல் பேனையால் "அ" என்று எழுதினால் அரசன், அதற்குக் கீழே ஒரு கோடு போட்டால் அரசி. பக்கத்துத் தறப்பாள் கூடாரத்தில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் சொல்லித் தந்தார். தொட்ட காயை நகர்த்த வேண்டும், வைத்த காயை எடுக்கக் கூடாது. தோற்றவர் இரண்டு கூடாரத்துக்கும் சேர்த்துத் தண்ணீர் வரிசையில் போய் நிற்க வேண்டும். மணிக்கூடு இல்லை. ஒரு நகர்வுக்குக் கால் மணி நேரம் எடுத்தாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எங்கும் போக முடியாதே, தம்பி.

அந்தப் பக்கம் சத்தமில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன், இருந்தது.

"அண்ணை," என்றார் பிறகு, "அறிக்கையில் 3+2 என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? அதை வெட்டிவிட்டு 5+3 என்று எழுதிக்கொள்ளுங்கள்."