280 யூரோவுக்கு வாங்கிய 1924-ஆம் ஆண்டு இதழ்

பழைய பிரெஞ்சு இலக்கிய இதழ்களைத் தேடிச் சேர்க்கிறவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பாரீஸின் சர்ரியலிஸ்ட் எழுத்தாளர்கள், ஓவியர்கள் நடத்திய ‘லா ரெவொல்யூசியோன் சுர்ரியலிஸ்ட்’ பத்திரிகையின் முதல் இதழ், 1924 டிசம்பர் 1 தேதியிட்டது. ஆறு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். பாரீஸில் ஒருவர் இணையத்தில் 280 யூரோ என்று போட்டிருந்தார். தாத்தாவின் அலமாரியில் கிடைத்தது என்றார். தளம் கமிஷன் பிடிக்கும், நேராக வங்கிக்கே அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன்.

வந்த இதழில் ஒரு பக்கத்தின் பின்புறத்தை விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. அந்தக் காலத்தில் ஈய எழுத்து தாளில் அழுந்திப் பதியும். பின்பக்கம் லேசான மேடு தட்டுப்படும். அடுத்து, ஜெர்மேன் பெர்த்தோன் என்ற அராஜகவாதப் பெண்ணின் படத்தைச் சுற்றி 28 முகங்கள் வரும் அந்தப் பக்கம். ஃப்ராய்டின் முகத்தில் பூதக்கண்ணாடி வைத்தேன். புள்ளிகளுக்கு மேல் புள்ளிகள், குறுக்கே அலை அலையாகக் கோடுகள். அச்சான படத்தையே மறுபடி படமெடுத்து அச்சடித்தால் இப்படி ஆகும். இதழின் முதுகில், அதாவது தாள்களைச் சேர்த்துக் கட்டும் ஓரத்தில், காய்ந்த பசை. அதை ஒட்டிக் கத்தி ஓடிய தடம்.

1929 வரை வந்த 12 இதழ்களையும் 1975-இல் ஜான்-மிஷெல் பிளாஸ் பதிப்பகம் ஒரே தொகுதியாக மறுஅச்சு செய்தது. அருமையான பணி. நண்பரிடம் இருந்த அந்தத் தொகுதியோடு ஒப்பிட்டேன். அதே தாள், அதே இடத்தில் அதே மைப்பொட்டு. ஒரு நல்ல புத்தகத்தை அறுத்துத் துண்டு துண்டாக விற்றிருக்கிறார். பணம் போனதைவிட எனக்கு இதுதான் தாங்கவில்லை.

கேட்டதற்கு, “மூலப் பதிப்பு என்று நான் எங்கே எழுதினேன்?” என்றார். விளம்பரத்தில் 1924 என்று மட்டும்தான் இருந்தது. தொழில்முறை விற்பனையாளர் என்றால் பிரான்சில் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிவிடலாம். இவர் தனிநபர் என்று பதிந்திருப்பதால் அந்த உரிமை இல்லை. தளத்துக்கு வெளியே பணம் கொடுத்ததால் அவர்களும் கைவிரித்துவிட்டார்கள். ஏமாற்று விற்பனை என்று பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன், பதில் இல்லை.

“இது அந்த ஆண்டிலேயே அச்சான பிரதியா?” என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். முதுகின் படமும், பக்கவாட்டில் விளக்கு வைத்து எடுத்த பின்பக்கத்தின் படமும் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள், எவ்வளவு ஆசைப்பட்ட இதழாக இருந்தாலும்.

நேற்று 2, 3 ஆகிய இதழ்கள் வேறொரு விற்பனையாளர் பெயரில் விற்பனைக்கு வந்திருக்கின்றன. படத்தில் விரித்திருப்பது என் இதழுக்கு அடியில் இருந்த அதே நீலப்பூ மேசைவிரிப்பு.