நாய் வளக்குறவங்க போக வேண்டிய கடை
திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்குற பெட் ஷாப்புக்கு பிஸ்கட் வாங்க போனேன், கடைக்கார அண்ணன் வீட்ல நாய்க்கு என்ன போடுறீங்கன்னு கேட்டு பொறுமையா சொல்லிக்கொடுத்தாரு பாருங்க, அதுக்கே 5 ஸ்டார். மிச்சமான பிரியாணிய போடாதீங்க, வெங்காயம் பூண்டு ரத்த சிவப்பணுவ உடைக்கும், சமைச்சாலும் அந்த விஷம் போகாதுன்னாரு. பாயசத்துல கெடக்குற உலர் திராட்சை கிட்னிய காலி பண்ணிடும், எவ்ளோ தின்னா ஆபத்துன்னு கணக்கே சொல்ல முடியாதாம், எனக்கு பக்குனு ஆயிடுச்சு! மில்க் சாக்லேட்ட விட டார்க் சாக்லேட் மோசம், நாய்க்கு விஷமான தியோப்ரோமின்ங்குற பொருள் அதுல ஜாஸ்தி. சுகர்ஃப்ரீ சூயிங்கம்ல சைலிட்டால்ங்குற இனிப்பு இருந்தா ரத்தத்துல சர்க்கரை டக்குனு இறங்கி வலிப்பே வரும். பிஸ்கட் விலை கொஞ்சம் கூட தான். நாய் இந்த ஆகாததுல ஏதாவது தின்னுட்டா உப்புத்தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வைக்காம நேரா டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்கன்னும் சொன்னாரு.