பாட்காஸ்ட் செய்கிறவர்களுக்கு: ‘ரெவின்யூ ஷேர்’ என்று வருகிறவர்களிடம் உஷார்

தமிழில் பாட்காஸ்ட் செய்பவர்களைத் தேடிப் பிடித்து, “எங்க நெட்வொர்க்ல சேருங்க ப்ரோ, உங்களுக்கு 60, எங்களுக்கு 40” என்று இன்ஸ்டாகிராமில் செய்தி அனுப்புகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அப்படி வந்த ஒரு சென்னை நிறுவனத்திடம் நான் பட்டதுதான் இது. பெயர் போடவில்லை. இதே ஒப்பந்தத்தோடு நாளை வேறு பெயரில் வருவார்கள்.

நான் செய்தது ஏரி, கண்மாய்களின் வரலாறு பற்றிய நிகழ்ச்சி. இதில் காசு வராது என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஸ்பாட்டிஃபையில் பாட்டுக்கு ராயல்டி உண்டு; நம்மைப் போலப் பேசுகிறவர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. யூடியூபில் போட்டால் விளம்பரப் பங்கு கேட்க 1,000 சப்ஸ்கிரைபர், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை வேண்டும். அதையும் தாண்டினால் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம், அதுவும் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். ஒரே படம் அசையாமல் நிற்கிற ஆடியோவுக்கு அவ்வளவு பார்வை எங்கே வரப்போகிறது? மிச்சம் ஸ்பான்சர் மட்டும்தான். விளம்பரம் தருகிற கம்பெனிகளில் நமக்கு ஆள் பழக்கம் இல்லாததால் இவர்கள் உள்ளே வர முடிகிறது.

ஒரு நெய் கம்பெனி விளம்பரம் வந்தது. சில எபிசோடுகளில் நானே வாசித்தேன். நெய் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்று நெட்வொர்க்காரர்களைக் கேட்டால், “அது கான்ஃபிடென்ஷியல் ப்ரோ.” ஒப்பந்தத்தில் 60 சதவீதம் என்பது ‘நெட் ரெவின்யூ’வில், அதாவது செலவு போக மிஞ்சுவதில். வந்த கணக்குத் தாளில் எடிட்டிங், ஸ்டூடியோ வாடகை, போஸ்டர், மார்க்கெட்டிங் எல்லாம் கழித்து, நான் அவர்களுக்குப் பாக்கி! நான் பதிவு செய்வது என் வீட்டுத் துணி அலமாரியைத் திறந்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்து. எடிட்டிங்கும் நானேதான். எந்த ஸ்டூடியோவுக்கு வாடகை?

சண்டை போட்டதில் ஒரு சிறு தொகை வந்தது, 10 சதவீத டிடிஎஸ் (பணம் தருகிறவரே பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வருமான வரி) போக. அந்தக் காலாண்டுக்கு அவர்கள் டிடிஎஸ் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கெடு முடிந்த பிறகும் என் 26ஏஎஸ்-ல் (நம் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் வருமான வரித்துறைப் பக்கம்) அப்படி ஒரு வரவே இல்லை. வரி என்று சொல்லிப் பிடித்ததையும் சாப்பிட்டுவிட்டார்கள். டிடிஎஸ் பிடித்தோம் என்று யார் சொன்னாலும் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

பணத்தையாவது விட்டுவிடலாம். சேரும்போதே நிகழ்ச்சியை அவர்களுடைய ஹோஸ்டிங் கணக்குக்கு (ஆடியோவை இணையத்தில் ஏற்றி வைக்கிற இடம்) மாற்றச் சொன்னார்கள். ஆடியோ எங்கே இருக்கிறதோ அங்கிருந்து எபிசோடுகளின் பட்டியலாக ஓர் ஆர்எஸ்எஸ் ஃபீட் கிளம்பும். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் எல்லாம் அதைப் படித்துத்தான் எபிசோடைக் காட்டும். ஃபாலோ செய்கிறவர்கள் உண்மையில் அந்த ஃபீடோடுதான் கட்டப்பட்டிருக்கிறார்கள். நான் விலகியதும் பெயரையும் படத்தையும் மாற்றி அதே ஃபீடில் ஒரு பங்குச்சந்தை நிகழ்ச்சியை ஏற்றிவிட்டார்கள். கண்மாய்க் கதை கேட்க வந்தவர்களின் போனில் இப்போது நிஃப்டி விழுந்துகொண்டிருக்கிறது. ‘இது என்னங்க புதுசா?’ என்று என்னைக் கேட்கிறார்கள். பழைய ஃபீடிலிருந்து புதியதற்கு 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதிய முகவரிக்குத் தானாகத் திருப்பிவிடுவது) போடச் சொல்லி மெயில் அனுப்பினேன். சில நிமிட வேலை. அதற்கு ‘மைக்ரேஷன் கட்டணம்’ கேட்டார்கள்.

அதனால் யாரோடு சேர்ந்தாலும் ஹோஸ்டிங் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். ஃபீடில் உள்ள உரிமையாளர் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். இது யாருடைய நிகழ்ச்சி என்று உறுதிசெய்ய ஸ்பாட்டிஃபை குறியீடு அனுப்புவது அந்த மின்னஞ்சலுக்குத்தான். பங்கு மொத்தத் தொகையில் என்று எழுதி வாங்குங்கள், ஸ்பான்சரின் இன்வாய்ஸ் நகலும் கேளுங்கள். நிகழ்ச்சியின் பதிப்புரிமையை அவர்களுக்குக் கொடுப்பது எத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி 5 ஆண்டுதான். அது தெரிந்துதான் ‘நிரந்தரமாக’ என்று மறக்காமல் போட்டிருப்பார்கள். அதை அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

வேலைக்கு முன்பே உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) எடுத்து வையுங்கள், இலவசம்தான். சிறு நிறுவனங்களுக்கான 2006 சட்டப்படி 45 நாளுக்குமேல் பணத்தை இழுத்தடித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக, தர வேண்டும். எனக்குப் பதிவு இருந்ததால், இப்படி இழுத்தடிக்கிறவர்கள் மீது புகார் செய்கிற அரசின் சமாதான் தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். வழக்கு இன்னும் நடக்கிறது.

ஒப்பந்தத்தின் வாசகங்களைப் பார்க்க வேண்டுமென்றால் உள்பெட்டியில் கேளுங்கள், பெயர்களை மறைத்து அனுப்புகிறேன்.